சாவா மூவாப் பேராடுகள்

தமிழ்ச் சிற்றிதழ்களில் சந்தா விவரம் அச்சிடப்படும் மூலையில், தனிப்பிரதி, ஆண்டுச் சந்தா ஆகியவற்றுக்குக் கீழே, கடைசி வரியாக ஆயுள் சந்தா என்று ஒன்று இருக்கும். யாருடைய ஆயுள், வாசகருடையதா இதழினுடையதா என்ற வேடிக்கையை இலக்கியக் கூட்டத்துத் தேநீர் இடைவேளைகளில் கேட்டிராதவர் நம்மில் அநேகமாக இருக்கமாட்டார்கள். சி. சு. செல்லப்பா தம் பிடிவாதத்தையே முதலாக்கி நடத்திய ‘எழுத்து’ இதழே 1959இல் தொடங்கி 1970இல் நின்றுபோயிற்று என்றால் ஏனையவற்றின் ஆயுள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஆயுள் சந்தா கட்டியவர்களில் பெரும்பாலோர் தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணியதில்லை. அது நன்கொடை என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். கைநீட்டி வாங்குகிறவரின் கூச்சத்தைப் போக்குவதற்காக அதற்குச் சந்தா என்று ஒரு பெயர், அவ்வளவுதான்.

இப்போது அதே ஆயுள் வேறொரு கடையில் விலைக்கு வந்திருக்கிறது. கோப்புகளை இணையத்தின் வழியே தொலைதூர வழங்கிகளில் சேமித்து வைக்கும் கிளவுட் நிறுவனங்கள் சில, வாழ்நாள் முழுமைக்குமாக இடம் விற்கின்றன. இரண்டு டெராபைட் இடம். ஒரே ஒருமுறை 400 டாலர் அளவில் கட்டினால் போதும், அதன்பின் ஒரு காசும் வேண்டாம். விளம்பரத்தின் கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் பதினோரு மணி நேரத்தில் சலுகை முடிகிறது என்று அது சொல்லும். அடுத்த வாரம் போய்ப் பார்த்தாலும் அதே பதினோரு மணி நேரம்தான் மிச்சமிருக்கும்.

வேப்பம்பட்டில் வசிக்கும் நண்பர் ஒருவர் இந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பி, நம்பலாமா என்று கேட்டிருந்தார். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவே, ரயில் நிலையமும் வயல்களும் மட்டும் இருந்த காலத்தில் மனை வாங்கி, மெல்ல மெல்ல வீடு கட்டிக் குடியேறியவர்களில் ஒருவர். கடந்த பதினைந்து ஆண்டுகளாகத் தம்மிடமிருந்த சிற்றிதழ்களைப் பக்கம் பக்கமாக ஒளிவருடி வைத்திருக்கிறார். கரையானுக்கும் மழைக்கால ஈரத்துக்கும் முந்திக்கொண்டு செய்த வேலை அது. மொத்தம் 1.7 டெராபைட் வந்திருக்கிறது. அத்தோடு நாற்பது ஒலிநாடாக்களின் பதிவும் அதில் உண்டு. அவருடைய தந்தையார் திருவள்ளூர் வட்டாரத்தில் தெருக்கூத்து வாத்தியாராக இருந்தவர். 1980களில் யாரோ ஓர் உறவினர், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டேப்ரிக்கார்டரில், விடிய விடிய நடந்த கூத்துகளை மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறார். நாடாக்கள் பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டன. அந்தக் குரல் இப்போது ஒரே ஒரு வன்தட்டில் இருக்கிறது. அந்த வன்தட்டு சில நாட்களாக இயங்கத் தொடங்கும்போது டக் டக்கென்று ஒரு சத்தம் எழுப்புகிறதாம்.

ஆகவே கேள்வி விளையாட்டானதல்ல. நம்பலாம், நம்பக்கூடாது என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடவும் முடியாது. முதலில் அந்த ‘வாழ்நாள்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் என்ன பொருள் என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் சட்டைப் பையிலேயே முன்னுதாரணம் இருக்கிறது.

2005ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியக் கைப்பேசி நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாழ்நாள் ப்ரீபெய்டு திட்டங்களை அறிவித்தன. ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக, 999 ரூபாய் என்பது அன்று பிரபலமான விலை. ஒருமுறை கட்டிவிட்டால் அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும், இணைப்பு அறுபடாது. கிராமத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த முதல் கைப்பேசிகளில் பல இந்தத் திட்டத்தில்தான் இருந்தன. 2006இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதில் தலையிட்டது. வாழ்நாள் என்றால் நிறுவனம் சேவை வழங்க உரிமம் பெற்றிருக்கும் காலம் வரை என்று அது தெளிவுபடுத்தியது. உரிமம் எந்த மாதம், எந்த ஆண்டு முடிகிறது என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. விளம்பரத்தில் வந்த வாழ்நாள் யாருடையது என்ற கேள்விக்கு அரசாங்கக் காகிதத்தில் கிடைத்த பதில் அது. மனிதனின் ஆயுளும் அல்ல, கைப்பேசியின் ஆயுளும் அல்ல, ஓர் உரிமத்தின் ஆயுள்.

அந்த ஆயுளும் முழுதாக ஓடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி இந்தியா முழுவதும் பரவிய ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு தாக்கல் செய்தது. அந்த மாதத்தின் கடைசி நாட்களில் சமிக்ஞை இல்லாத கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறியீட்டு எண்ணைப் பெறத் தமிழகமெங்கும் மக்கள் அலைந்தது நினைவிருக்கலாம். அதே ஆண்டின் இறுதியில், பிழைத்திருந்த பெரிய நிறுவனங்கள் 28 நாட்களுக்கு 35 ரூபாயாவது போட்டால்தான் இணைப்பு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. பழைய வாழ்நாள் சந்தாதாரர்களுக்கும் குறுஞ்செய்தி போயிற்று. டிராய் கண்டித்துக் கடிதம் எழுதியது. ஆனால் மாதாமாதம் பணம் போடும் பழக்கம் நிலைத்துவிட்டது. ஒரு நிறுவனம் செத்துப்போயிற்று, மற்றவை விதியை மாற்றிக்கொண்டன. வாழ்நாள் வாக்குறுதி முடிவுக்கு வரும் இரண்டு வழிகளையும் ஒரே ஆண்டில் பார்த்துவிட்டோம்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அது சேமிப்புக்கு அண்டை வீடான வேறொரு தொழிலில் நடந்தது. விபிஎன்செக்யூர் என்ற நிறுவனம், இணையத்தில் தம் அடையாளத்தை மறைத்துக்கொள்ள விரும்புவோருக்கு வாழ்நாள் சந்தா விற்றது. பிறகு நிறுவனம் கைமாறிற்று. 2025இல் புதிய உரிமையாளர்கள் வாழ்நாள் கணக்குகளை முடக்கினார்கள். வாங்கும்போது இப்படியொரு கடன்பாடு இருப்பது தங்களுக்குத் தெரியாது என்பது அவர்கள் சொன்ன சமாதானம். சட்டப்படி அது நிற்குமோ நிற்காதோ, 40 டாலர் கொடுத்தவர் எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போய் வழக்காடுவார்?

சேமிப்புத் தொழிலில் மரணம் எவ்வளவு வேகமாக வரும் என்பதற்கு நிர்வானிக்ஸ் உதாரணம். 2013 செப்டம்பரில், உங்கள் கோப்புகளை இரண்டு வாரங்களுக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று அது தன் வாடிக்கையாளர்களிடம் சொன்னது. அவர்கள் நம்மைப் போல நாலு படம் வைத்திருந்தவர்கள் அல்லர். பெரிய பெரிய நிறுவனங்கள். எத்தனையோ டெராபைட்டுகளை இரண்டு வாரத்தில் இறக்கிக்கொள்ள இணையக் குழாயில் இடமிருக்குமா என்பதே அங்கே பெரிய பிரச்சினையாக இருந்தது. வேப்பம்பட்டில் நண்பர் வீட்டு இணைப்பில் நொடிக்கு 40 மெகாபிட் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 1.7 டெராபைட்டை இறக்க நான்கு நாட்கள் ஆகும். மழைக்காலத்தில், மின்வெட்டும் அறுந்த கேபிளும் சேர்ந்துகொண்டால் எத்தனை நாள் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இதெல்லாம் எதற்கு, ஒருமுறை பணம் வாங்கிக்கொண்டு காலமெல்லாம் சேவை செய்வது என்பதே ஏமாற்று வேலைதான் என்று முடித்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படிச் சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் அப்படிச் சொல்லவிடாமல் நம் கோயில் சுவர்கள் தடுக்கின்றன. உலகத்தின் மிக நேர்த்தியான ‘லைஃப்டைம்’ ஒப்பந்தங்கள் சிலவற்றைத் தமிழில், கல்லில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நுந்தா விளக்கு அல்லது நந்தா விளக்கு என்பது அணையா விளக்கு. பக்தர் ஒருவர் இறைவன் சன்னிதியில் இரவும் பகலும் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று விரும்புகிறார். காலம்? சந்திராதித்தவல், அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை. எந்தக் கிளவுட் நிறுவனமும் இதுவரை இவ்வளவு துணிந்து விளம்பரம் செய்ததில்லை. இதற்கு அவர் கொடுப்பது ஒருமுறைதான். ஆனால் அவர் கொடுப்பது பணமல்ல, ஆடு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். தொண்டைமண்டலத்துக் கோயில்களில் 90 என்ற எண்ணிக்கை அடிக்கடி வரும். ஆடுகள் மன்றாடி எனப்படும் இடையரிடம் ஒப்படைக்கப்படும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும்.

அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் அடைமொழிதான் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது: சாவா மூவாப் பேராடு. சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. ஆடு எப்படிச் சாகாமல் இருக்கும்? மந்தையில் மூத்தது கழியும், குட்டி வளர்ந்து அதன் இடத்தைப் பிடிக்கும். எண்ணிக்கை மட்டும் என்றும் 96. வன்தட்டுகளை அடுக்கி வைத்துச் சேமிப்புத் தொழில் நடத்துகிறவர்கள் செய்வதும் இதுவேதான். இத்தகைய நிலையங்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ வன்தட்டுகள் செத்துப்போகின்றன. தன் வன்தட்டுக் கணக்கைத் தொடர்ந்து வெளியிட்டுவரும் பேக்பிளேஸ் நிறுவனத்துக்கு 2024இல் அது 1.57 விழுக்காடு. செத்ததை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகுகிறார்கள். மந்தை நிலைக்கிறது, ஆடுகள் மாறுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது கணக்கு. நாழியில் கால் பங்கு உழக்கு. பிற்காலப் படியளவை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 336 மில்லிலிட்டர். 96 ஆட்டுக்குப் பங்கிட்டால் தலைக்கு நாளொன்றுக்கு மூன்றரை மில்லிலிட்டர் நெய்தான் வருகிறது. பால் வற்றிய ஆடு, சினை ஆடு, கிடா என்று எத்தனை கழித்தாலும் மன்றாடியால் தாங்கக்கூடிய பாரம் அது. மிஞ்சிய பால், கிடாக்குட்டிகள், வயலில் கிடை போட்டால் கிடைக்கும் வருமானம் எல்லாம் அவருக்கு. ஆகவே ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதில் அவருக்கே லாபம் இருந்தது. சில இடங்களில் மன்றாடியின் பெயரோடு, அவர் பொறுப்புக்கு உடன் நிற்கும் உறவினர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆட்டுக்குப் பதில் பொன் கொடுத்தாலும் இதே முறைதான். முதல் தொடப்படாது. ஊர்ச்சபையோ வணிகரோ அதை வாங்கி வட்டி கட்டுவார்கள், வட்டியில் எண்ணெயோ நெய்யோ வரும். தஞ்சைக் கல்வெட்டுகளில் காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. கோயில் கணக்குகளை அரசு அதிகாரிகள் வந்து ஆராய்ந்ததும் தவறியவர்களைத் தண்டித்ததும் கல்வெட்டுகளிலேயே பதிவாகி இருக்கின்றன.

அந்த விளக்குகள் இன்று எரியவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் சில தலைமுறைகளாவது அவை எரிந்திருக்கும். அதற்குக் காரணம் கொடுத்தவரின் பணம் செலவாகாமல் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. ஆகவே வாழ்நாள் சேமிப்பு விற்கிற எவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று படுகிறது. நான் கொடுக்கும் 400 டாலர் எங்கே ஆடாக மேய்கிறது?

இதை எண்ணிக்கையில் போட்டுப் பார்த்தேன். வழங்கியில் ஒரு டெராபைட்டை மொத்த விலைக்கு வாடகைக்கு எடுத்தால் மாதம் 6 டாலர் அளவில் ஆகிறது. 2023 அக்டோபரில் பேக்பிளேஸ் நிர்ணயித்த விலை இது. மற்றவர்களும் இதற்கு முன்னே பின்னே. இரண்டு டெராபைட்டுக்கு ஆண்டுக்கு 144 டாலர். 400 டாலர் மூன்று ஆண்டுகள் முடிவதற்கு முன்பே தீர்ந்துவிடும். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு என்ன செய்வார்கள்? கோயில் முறைப்படி முதலைத் தொடாமல் 5 விழுக்காடு வட்டிக்கு விட்டால் ஆண்டுக்கு 20 டாலர் வரும். அந்த 20 டாலரில் மேற்படி விலைக்கு வைத்துக்கொள்ளக்கூடியது கால் டெராபைட்டுக்குச் சற்று மேலே. அதாவது, வாங்கியவர்கள் சராசரியாகத் தங்கள் இடத்தில் ஏழில் ஒரு பங்கை மட்டும் நிரப்பினால் விளக்கு எரியும். வியப்பாக இருந்தாலும் இது நடக்கக்கூடியதுதான். ஆசைக்கு இரண்டு டெராபைட் வாங்கிவிட்டுப் பேரனின் பிறந்தநாள் படங்களை மட்டும் ஏற்றிவிட்டு மறந்துபோகிறவர்கள் ஏராளம். சொந்தமாக வழங்கிகளை வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் செலவு இன்னும் குறைவு.

ஆக, இது பொய் என்று தள்ளிவிடத் தக்கதல்ல. அடுத்தவர் தம் இடத்தை நிரப்பமாட்டார் என்ற நம்பிக்கையில் நிற்கும் ஒப்பந்தம். 1.7 டெராபைட்டை முதல் வாரத்திலேயே ஏற்றப்போகும் நம் நண்பரைப் போன்றவர்கள்தான் அந்த நிறுவனத்தின் கெட்ட கனவு.

மேலும், முதலை வட்டிக்கு விட்டு யாரும் உட்கார்ந்திருப்பதாகத் தெரியவில்லை. வந்த பணம் விளம்பரத்துக்கும் சம்பளத்துக்கும் போகிறது. இன்று வருகிற பக்தரின் பணத்தில் நேற்று வந்தவரின் விளக்கு எரிகிறது. வருடா வருடம் வட்டுகளின் விலை சரிந்துகொண்டே வரும் என்ற நம்பிக்கை வேறு. 2011இல் தாய்லாந்தில் வந்த வெள்ளம் அங்கிருந்த வன்தட்டுத் தொழிற்சாலைகளை மூழ்கடித்தபோது உலகெங்கும் விலை இரண்டு மடங்கானதை இவர்கள் மறந்திருக்கலாம். அதற்குப் பிறகு விலை முன்னைப் போல வேகமாகச் சரியவும் இல்லை.

ஆடு இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும் என்பதையும் சென்னைக்காரர்கள் அறிவார்கள். 1990களில் தேக்கு மரங்களைக் காட்டிப் பணம் திரட்டிய அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998இல் சரிந்து விழுந்தது. அங்கேயும் வாக்குறுதியின் பின்னால் வளரும் பொருள் ஒன்று இருப்பதாகத்தான் சொல்லப்பட்டது. நடுத்தர வர்க்கத்தின் ஓய்வூதியப் பணம் அந்தத் தோட்டங்களுக்குள் போயிற்று. மரம் வளர்வதைவிட வேகமாகப் பணத்தேவை வளர்ந்ததுதான் அங்கே நடந்தது.

இதையெல்லாம் எழுதி, அந்த நிறுவனத்தைப் பற்றி விசாரிக்க வேண்டியவற்றையும் நண்பருக்குச் சொன்னேன். ஆண்டுச் சந்தாவும் விற்கிறார்களா, அல்லது வாழ்நாள் மட்டும்தானா? பின்னதென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்; நாளைக்கு வருமானம் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. எத்தனை ஆண்டுகளாக நடத்துகிறார்கள்? நிறுவனமே நேரில் விற்கிறதா, தள்ளுபடிக் கடைகள் வழியாகவா? ஆறு மாதம் உள்ளே நுழையாவிட்டால் கணக்கை அழித்துவிடுவோம் என்று நிபந்தனைகளில் எங்காவது ஒளிந்திருக்கிறதா? கோப்புகளை ஒட்டுமொத்தமாகத் திரும்ப இறக்க, அவர்களுடைய செயலியை விட்டால் வேறு வழி இல்லையா? பணத்தைத் திருப்பித் தரும் நாட்கள் முடிவதற்குள் 50 ஜிபி ஏற்றி, முழுவதும் இறக்கி, ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். ஏற்றும்போது பறக்கும் வேகம் இறக்கும்போது நொண்டினால் அதுவே பதில். எல்லாம் சரியாக இருந்தாலும், மூன்றாண்டு வாடகையை முன்பணமாகக் கொடுத்ததாக மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நான்காம் ஆண்டும் கடை திறந்திருந்தால் மகிழ்ச்சி.

ஆனால் இந்தக் கடிதப் போக்குவரத்தில் எனக்கு உறைத்தது வேறொன்று. 1.7 டெராபைட்டில் தந்தையாரின் குரல் எவ்வளவு என்று கேட்டேன். நண்பர் பார்த்துச் சொன்னார்: 38 ஜிபி. அறுபது மணி நேரக் கூத்து அவ்வளவில் அடங்கிவிட்டது. மிச்சமெல்லாம் சிற்றிதழ்களின் படங்கள், அவற்றிலும் பெரும்பகுதி ஒவ்வொரு பக்கத்துக்கும் உயர்தரத்தில் ஒன்று, திருத்தியது ஒன்று, படிப்பதற்கு ஒன்று என மூன்று வடிவங்கள். அந்த இதழ்களில் பலவும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ வேறு நூலகங்களிலோ யாராவது ஒருவரின் பரணிலோ இருக்கும். கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் சேர்த்த புத்தகங்கள் அவர் மறைவுக்குப் பின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு ஒரு நூலகமாக நிலைபெற்றது நமக்குத் தெரிந்த கதைதான். உ. வே. சாமிநாதையர் பல ஊர்களின் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்க முடிந்ததும், அந்த நூல்களைப் பலர் பல ஊர்களில் படியெடுத்து வைத்திருந்ததனால்தான். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதுபட்ட பழைய ஏடுகளை நெருப்பிலிட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் மனம் கலங்கியதை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அச்சிட்ட இதழுக்கு எங்கோ இன்னொரு பிரதி இருக்கும். அந்த ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் மேலே எழும் குரலுக்கு இன்னொரு பிரதி உலகத்தில் எங்கும் இல்லை.

38 ஜிபிக்கு வாழ்நாள் ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. பெரிய நிறுவனங்களில் 100 ஜிபி இடத்துக்கு ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான் ஆகிறது. வெவ்வேறு இரு நிறுவனங்களில் வைத்தாலும் ஒரு குடும்பம் ஒருமுறை ஓட்டலுக்குப் போய்வரும் செலவுக்கு மேல் போகாது. அவையும் நிரந்தரமில்லை. கூகுள் ஃபோட்டோஸ் எல்லையில்லாமல் கொடுத்த இலவச இடம் 2021 ஜூன் 1 அன்று நின்றது. அமேசான் டிரைவ் 2023 டிசம்பர் 31இல் மூடப்பட்டது. ஆனால் ஆண்டுதோறும் பணம் கேட்கிறவர் ஆண்டுதோறும் நமக்கு நினைவூட்டுகிறார். இரண்டு கடைகள் ஒரே நாளில் மூடுவதும் அபூர்வம். புகைப்படக்காரர்கள் வெகுநாளாகக் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம் உண்டு: மூன்று படிகள், அவை இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்றாவது வெளியூரில். இதில் வெளியூர்ப் படியாக வாழ்நாள் கிளவுடையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம், கையில் உபரியாக 400 டாலர் இருந்தால். அது ஒன்றையே நம்பி வன்தட்டைத் தூக்கிப்போட்டால்தான் ஆபத்து.

நண்பருக்கு இது பாதிதான் உடன்பாடு. இதழ்களையும் விட்டுவிட மனமில்லை, பதினைந்து வருட உழைப்பல்லவா என்றார். நியாயம்தான். மூன்று வடிவங்களில் இரண்டைக் கழித்தால் அறுநூறு ஜிபிக்குள் அடங்கும் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அவருக்கு அதற்கு ஆறு மாதமாவது ஆகும்.

இதற்கிடையில் அவரே வேறொரு சந்தேகத்தைக் கிளப்பினார். மன்றாடிகளின் கடமை அவர்களுடைய வழித்தோன்றல்களையும் கட்டும் என்று எழுதியிருந்தீர்களே, இங்கே என் காலத்துக்குப் பின் என்ன ஆகும்? வாழ்நாள் இடம் விற்கும் நிறுவனங்களில் பெயர்பெற்ற பிகிளவுட் தன் நிபந்தனைகளில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறது. வாழ்நாள் என்றால் 99 ஆண்டுகள் அல்லது கணக்கு வைத்திருப்பவரின் ஆயுள், இரண்டில் எது குறைவோ அது. அறுபத்தாறு வயதுக்காரருக்கு விற்கப்படும் வாழ்நாள், முப்பது வயதுக்காரருக்கு விற்கப்படுவதைவிட எவ்வளவு சிறியது! விலை மட்டும் இருவருக்கும் ஒன்றே. நண்பர் தமக்கு விளம்பரம் அனுப்பிய நிறுவனத்துக்கு, கணக்கைப் பின்னாளில் மகள் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டு எழுதினார். இரண்டு நாளில் மிகப் பணிவான பதில் வந்தது. கணக்கு மாற்றத்தக்கதல்ல, ஆனால் மகளுக்காகத் தனியாக ஒரு வாழ்நாள் திட்டம் வாங்கினால் நாற்பது விழுக்காடு தள்ளுபடி உண்டு, சலுகை இன்னும் பதினோரு மணி நேரத்தில் முடிகிறது.

அந்த வாரமே அவர் ரிச்சி தெருவுக்குப் போய் இரண்டு வன்தட்டுகள் வாங்கிவந்தார். முதலில் கூத்து, பிறகு இதழ்கள் என்று பிரதி எடுக்க இரண்டு இரவுகள் ஆயின. ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கிறது. மற்றதைத் திருச்சியில் இருக்கும் மகள் பொங்கலுக்கு வந்தபோது எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே என்ன இருக்கிறது, எந்த ஆண்டு, எந்த ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பதிவானது, பின்பாட்டு யார் என்ற விவரங்களை ஒரு நோட்டில் கையால் எழுதிக் கூடவே கொடுத்தனுப்பியிருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை அதை இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது மகளோடு அவர் செய்துகொண்ட ஏற்பாடு. பழைய வன்தட்டு இன்னமும் டக் டக்கென்று அடித்துக்கொண்டுதான் இருக்கிறதாம்.